டூல் வாங்கும் முன் குக்கீயைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

லிங்க்ட்இன் வழியாக வாடிக்கையாளர்களைத் தேடித்தரும் ஆட்டோமேஷன் டூல்கள் பற்றி உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த டூல் ஒரு நாளைக்கு எத்தனை இணைப்பு ரிக்வெஸ்ட் அனுப்பும், மாதக் கட்டணம் என்ன, ட்ரையல் உண்டா என்பதெல்லாம் விவரமாகவே இருந்தது. ஆனால் அதில் நாலைந்து டூல்களுக்குப் பாதுகாப்பானவை என்று நற்சான்று கொடுத்திருந்தீர்கள், அதை நம்பி யாராவது பணம் கட்டுவதற்குள் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் விதி. தானாக ரிக்வெஸ்ட் அனுப்புவது, தானாக மெசேஜ் போடுவது, ப்ரொஃபைல்களை மொத்தமாக அள்ளுவது எல்லாவற்றையும் லிங்க்ட்இன் தன் பயனர் ஒப்பந்தத்திலேயே தடை செய்திருக்கிறது. ஆக, நம் சார்பில் மெசேஜ் அனுப்பும் எந்த டூலும் அங்கே விதிமீறல்தான், சில சீக்கிரம் மாட்டும், சில தாமதமாக மாட்டும், அவ்வளவுதான் வித்தியாசம். ‘மனிதர் மாதிரியே இடைவெளி விட்டு அனுப்பும்’ என்பது விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால் மட்டும் தப்பிக்க முடியாது. அனுப்பிய ரிக்வெஸ்ட்டுகள் பதிலே இல்லாமல் குவிந்து கிடந்தாலும், வாங்கியவர்கள் ‘இவரை எனக்குத் தெரியாது’ என்று தட்டிவிட்டாலும் கணக்குக்குக் கட்டுப்பாடு வரும்.

இதைவிடப் பெரிய விஷயம் குக்கீ, அதாவது ஒரு தளம் நம்மை அடையாளம் காண பிரவுசரில் சேமித்து வைக்கும் சிறு தகவல். பல டூல்கள் பாஸ்வேர்டே கேட்பதில்லை, அதனால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடுகிறோம். அதற்குப் பதிலாக அவர்கள் ஒரு வழிமுறை கொடுப்பார்கள்: பிரவுசரில் லிங்க்ட்இன்னைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள், குக்கீ பட்டியலில் ‘எல்ஐ_ஏடி’ (li_at) என்ற வரியைத் தேடுங்கள், அதன் எதிரே இருக்கும் நீளமான எழுத்துக் கோவையை காப்பி செய்து எங்கள் கட்டத்தில் போடுங்கள். நாம் ஏற்கெனவே லாக்இன் செய்தாயிற்று என்பதற்கு அந்தக் கோவைதான் அத்தாட்சி. அது யார் கையில் இருக்கிறதோ அவர் பாஸ்வேர்டு இல்லாமல், மொபைலுக்கு ஓடிபி வராமல், நம் இன்பாக்ஸுக்குள் உட்கார்ந்துகொள்ளலாம். அந்த டூல் நிறுவனத்தின் சர்வரில் அது எப்படிப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது, சந்தாவை நிறுத்தினால் அழிப்பார்களா என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

சரி, பிரவுசரிலேயே சேர்த்துக்கொள்ளும் துணை நிரலான எக்ஸ்டென்ஷன் வகை தேவலையா? அதுவும் நாம் திறக்கும் பக்கத்தைப் படிக்கிற அனுமதியோடுதான் வேலை செய்கிறது. தகவல் பாதுகாப்பையே தொழிலாகச் செய்யும் சைபர்ஹேவன் நிறுவனத்துக்கே 2024 கிறிஸ்துமஸ் சமயத்தில் என்ன ஆனது? ஊழியர் ஒருவர் ஏமாற்றி அனுமதி பறிக்கும் ஃபிஷிங் மெயிலில் சிக்க, அவர்களுடைய குரோம் எக்ஸ்டென்ஷனில் திருட்டு நிரல் ஏறி, வழக்கமான அப்டேட் போல வாடிக்கையாளர்களின் பிரவுசருக்குள் இறங்கிவிட்டது. அந்த நிரல் குறிவைத்தது குக்கீகளைத்தான். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், இரண்டு பேர் சேர்ந்து நடத்தும், லீட் (வாடிக்கையாளராகக்கூடியவரின் விவரம்) திரட்டும் ஒரு எக்ஸ்டென்ஷனை எந்த நம்பிக்கையில் போட்டுக்கொள்வது?

‘பொதுவில் கிடக்கும் தகவலை எடுத்தால் தப்பில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது’ என்ற வாதமும் உங்கள் கட்டுரையில் தலைகாட்டியது. லிங்க்ட்இன்னின் பொது ப்ரொஃபைல்களை அள்ளிய ஹைக்யூ நிறுவனத்துக்கும் லிங்க்ட்இன்னுக்கும் நடந்த வழக்கைத்தான் சொல்கிறார்கள். 2022 ஏப்ரலில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹைக்யூவுக்குச் சாதகமாகச் சொன்னது உண்மை, அதுவும் ஹேக்கிங் சட்டத்தின் அளவில் மட்டும். அதே ஆண்டு நவம்பரில் கீழ் நீதிமன்றம், பயனர் ஒப்பந்தத்தை ஹைக்யூ மீறியது என்று தீர்ப்பளித்தது. டிசம்பரில் 5 லட்சம் டாலர் ஹைக்யூ தலையில் விழுந்து வழக்கு முடிந்தது. இந்தப் பாதிக் கதையை மட்டும் யாரும் சொல்வதில்லை. பிரான்ஸில் காஸ்பர் என்ற எக்ஸ்டென்ஷன் நிறுவனத்துக்கு 2024 டிசம்பரில் 2,40,000 யூரோ அபராதம் விழுந்ததும் இதே வகைதான்: தங்கள் தொடர்பு விவரம் எல்லோருக்கும் தெரிய வேண்டாம் என்று லிங்க்ட்இன்னில் மறைத்து வைத்தவர்களின் விவரத்தையும் அது திரட்டியிருந்தது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். டூலை வாங்குவது கம்பெனி, அதில் இணைக்கப்படுவது விற்பனைப் பிரிவில் வேலை செய்யும் பையனுடைய, பெண்ணுடைய சொந்தக் கணக்கு. பழைய சக ஊழியர்கள், படிக்கும்போது பழகியவர்கள், அடுத்த வேலைக்கு வழிகாட்டக்கூடியவர்கள் எல்லோரும் அதில்தான் இருக்கிறார்கள். டார்கெட் வைத்த மேனேஜர் தன் கணக்கை இணைத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. கணக்கு முடங்கினால் அடையாள அட்டையைக் காட்டி லிங்க்ட்இன்னிடம் கெஞ்சப்போவது அந்த ஊழியர்தான், கம்பெனி இன்னொரு ஊழியரின் கணக்கை எடுத்துக்கொள்ளும்.

ஆட்டோமேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கையால் எல்லாம் செய்கிற காலம் போய்விட்டது. நம் லாக்இன்னைத் தொடாத வேலைகளை டூலிடம் விடலாம்: யாருக்கு எப்போது மறுபடி எழுத வேண்டும் என்று நினைவூட்டுவது, மெசேஜுக்கு வரைவு எழுதித் தருவது, வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் சி.ஆர்.எம். மென்பொருளில் ஒரே ஆள் இரண்டு முறை வந்தால் சேர்ப்பது. தேடுவதற்கு லிங்க்ட்இன்னின் சொந்தக் கட்டணச் சேவையான சேல்ஸ் நேவிகேட்டரே இருக்கிறது, விருப்பப்பட்டு விவரம் தருபவர்களைச் சேர்க்க லிங்க்ட்இன்னின் லீட் படிவங்கள் இருக்கின்றன. விலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அனுப்பும் பட்டனை மனிதர் அழுத்தினால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறி பல்லிளிக்கும் மெசேஜும், ‘விருப்பமில்லை’ என்று பதில் போட்டவருக்கே மூன்றாவது ஃபாலோ-அப் போவதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

அடுத்த முறை இப்படி ஒப்பீட்டு அட்டவணை போட்டால், எந்த லாக்இன் கேட்கிறது, லீட் விவரம் எங்கிருந்து வருகிறது, பதில் வந்ததும் தானாக நிற்குமா, கணக்கு முடங்கினால் டூல் நிறுவனம் என்ன செய்யும் என்ற விவரங்களையும் சேருங்கள். இடம் போதாவிட்டால் அந்த நட்சத்திர மதிப்பெண்களை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்