ஹரேலா என்பது மரம் நடும் விழா மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உத்தராகண்டில் ஹரேலா பண்டிகை கொண்டாடப்பட்டதைப் பற்றித் தங்கள் நாளிதழில் படத்தோடு செய்தி வந்திருந்தது. அதிகாரிகள் மரக்கன்று நடுகிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். மரம் நடுவது நல்ல காரியம்தான். ஆனால் அந்தச் செய்தியில் ஹரேலாவைக் காணோமே என்று எனக்கு மனசு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

1993 முதல் மூன்று வருடம் நாங்கள் உத்தராகண்டின் குமாவோன் மலையில், ராணிக்கேத்தில் இருந்தோம். என் கணவருக்கு அங்கே ராணுவத்தில் வேலை. நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரப் பாட்டியை எல்லோரும் ‘ஆமா’ என்பார்கள். குமாவோனியில் ஆமா என்றால் பாட்டி. எழுதப் படிக்கத் தெரியாதவர். அவரிடம்தான் நான் ஹரேலாவைப் பார்த்தேன்.

பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் சின்ன மூங்கில் கூடையில் மண் பரப்பி, வாற்கோதுமை, கோதுமை, மக்காச்சோளம், உளுந்து, கொள்ளு, கடுகு என்று விதைகளைத் தூவுவார். கூடை பூஜை அலமாரிக்குப் பக்கத்தில், வெயில் படாத இருட்டு மூலையில் இருக்கும். தினமும் தண்ணீர் தெளிப்பார். இருட்டில் வளர்வதால் நாற்று பச்சையாக இராது, இளமஞ்சளாக நிற்கும். பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு சிறு குச்சியால், வயலில் களை கொத்துவதைப் போலவே அதைக் கொத்திவிடுவார். களிமண்ணில் சிவன், பார்வதி, பிள்ளையார் பிடித்து வைப்பார். ‘டிகாரே’ என்று பெயர். மறுநாள், நமக்கு ஆடி பிறக்கும் அதே சங்கராந்தியன்று, நாற்றை அறுத்துச் சாமிக்கு வைத்துவிட்டு, வீட்டில் ஒவ்வொருவருக்கும் பாதம், முழங்கால், தோள் என்று தொட்டுக்கொண்டே போய் உச்சந்தலையில் வைப்பார்.

அப்போது அவர் சொன்ன வாழ்த்துதான் விஷயமே. ‘ஜீ ரயே, ஜாகி ரயே’ என்று தொடங்கும். உயிரோடிரு, விழித்திரு. அறுகம்புல்லைப் போல உன் வேர் பச்சையாக இருக்கட்டும். வானத்தைப் போல உயர்ந்திரு, பூமியைப் போல அகன்றிரு. இமயத்தில் பனி உள்ளவரை, கங்கையில் தண்ணீர் உள்ளவரை இந்த நாளும் இந்த மாதமும் உனக்கு வந்துகொண்டே இருக்கட்டும். பல் போனபின் அம்மியில் அரைத்த சோற்றைச் சாப்பிடும் வயதுவரை இரு என்றுகூட அதில் ஒரு வரி வரும்.

முதல் வருடம் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கும்பகோணத்தில் என் அப்பா பிள்ளையாருக்கு அறுகு சாத்தும்போது ‘காண்டாத் காண்டாத் ப்ரரோஹந்தீ’ என்று ஒரு மந்திரம் சொல்வார். கணுவுக்குக் கணு முளைத்துப் படரும் அறுகே, எங்களையும் அதுபோல நூறாக, ஆயிரமாகப் பெருகச் செய் என்பது பொருள். யஜுர் வேதத்தில் உள்ளது. என் பாட்டியோ மந்திரம் எதுவும் அறியாதவர். ‘ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரூன்றி’ என்றுதான் மணமக்களை வாழ்த்துவார். அந்தக் கல்யாணங்களில் பாலிகைக் கிண்ணத்தில் நவதானியம் முளைக்கும். அம்மன் கோயிலில் முளைப்பாரி எடுப்பார்கள். யாழ்ப்பாணத்துக் கல்யாணங்களில் அறுகரிசி இடுவதும் பாதம், முழங்கால், தோள், தலை என்ற வரிசையில்தான்.

மலைக்கிராமங்களில் வேத காலம் மாறாமல் இருக்கிறது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. ஆமாவுக்கு வேதம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லப்போனால், வேதம் பாடிய ரிஷிதான் ஏதோ ஓர் ஆமா பேரன் தலையில் கைவைத்துச் சொன்னதைக் கேட்டுப் பாடியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்புறம், அங்கே கல்யாணமாகி வந்த மருமகள் முதலில் ‘நௌலா’வுக்குப் போய்க் கும்பிட வேண்டும். ஊற்றின்மேல் கல்லால் கூரை கட்டி, படி இறக்கியிருப்பார்கள், அதுதான் நௌலா. தண்ணீரைத் தாயென்று ரிக் வேதம் அழைக்கிறதே, அந்த மருமகள் செய்வதும் அதுதான்.

இவையெல்லாம் நிற்பது கொல்லையில் விளையும் கொள்ளுப் பயற்றையும் ஊற்றில் வரும் தண்ணீரையும் நம்பித்தான். 2011-க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்கள் ஆளில்லாமல் போய்விட்டன என்று அந்த மாநிலத்தின் இடப்பெயர்வு ஆணையம் 2018-இல் சொன்னது. இமயமலை ஊற்றுகளில் ஏறக்குறைய பாதி வற்றி வருகின்றன என்று நிதி ஆயோக் அறிக்கையும் அதே ஆண்டு வந்தது. மரக்கன்று நடும் படத்துக்குக் கீழே இதையும் நாலு வரி எழுதியிருக்கலாம்.

வேலைக்காக வெளியூர் போன பிள்ளைகளுக்கு அந்த ஹரேலா நாற்றைத் தபால் உறையில் வைத்து அனுப்புவது அங்கே வழக்கம். நாங்கள் கும்பகோணம் திரும்பிய பிறகு ஆமா எங்களுக்கும் அனுப்பினார். ஆறு வருடம் வந்தது. வந்து சேர ஆடி பத்து ஆகிவிடும். உறைக்குள் நாலைந்து காய்ந்த நாற்று, கூடவே துளி குங்குமம். என் மாமியார் அதைக் கையில் வாங்கி, எங்கள் பாதத்திலிருந்து தொடங்கித் தலைவரை தொட்டு வைப்பார். குமாவோனி தெரியாததால், ‘ஆல்போல் தழைத்து’ என்று சொல்லித்தான் வைப்பார்.

அடுத்த ஆடி முதல் தேதி ஹரேலாவைப் பற்றிச் செய்தி போட்டால், ஆமா சொன்ன அந்த வாழ்த்தையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்