கைதான உடனே மனநலப் பரிசோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொலை வழக்கில் கைதானவருக்கு மனநோய் இருந்ததாகச் செய்தி வந்தால், 'தப்பிக்க நடிக்கிறாரோ' என்ற பேச்சும் கூடவே கிளம்பிவிடுகிறது. சென்னையில் குற்றவியல் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அப்படி நடித்து விடுதலையான ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. நிஜமாகவே நோய் இருந்தும், அதை நிரூபிக்க வழியில்லாமல் ஆயுள் தண்டனையோடு வேனில் ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். பெயர், இடம் வேண்டாம். கூடப்பிறந்த அண்ணனையே வெட்டிக் கொன்ற இளைஞர். வீட்டில் சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்று சொல்லி, பல மாதம் டீக்கடை பன்னிலேயே காலம் தள்ளியவர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவருடைய அம்மா மஞ்சப்பையோடு வருவார். பை நிறைய அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டுகள். சில மழையில் நனைந்து மை கரைந்திருந்தன. ஒன்றில் ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மாத்திரையின் பெயர் எழுதியிருந்ததை நானே படித்தேன். கறுப்புக் கோட்டு போட்ட யாரைக் கண்டாலும் அந்தப் பையைப் பிரிப்பார். "மாத்திரைய நிறுத்திட்டான் சார், அதுக்கப்புறம்தான் இப்படி ஆச்சு" என்பார். பெற்றதில் ஒன்றைச் சுடுகாட்டுக்கும் ஒன்றைச் சிறைக்கும் அனுப்பிய தாய் அவர்.

அந்தச் சீட்டுகள் கோர்ட்டில் ஏறுவதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன. சிகிச்சை தந்த மருத்துவரைக் கூண்டில் ஏற்றியபோது அரசு வழக்கறிஞர் கேட்டது ஒரே கேள்விதான்: "சம்பவத்தன்று எதிரியை (குற்றம் சாட்டப்பட்டவரை) நீங்கள் பரிசோதித்தீர்களா?" மருத்துவர் இல்லை என்றார். கத்தியைத் தெருக்குழாயில் கழுவினார் என்று ஒரு சாட்சி சொல்லியிருந்தார். தவறு என்று தெரிந்ததால்தான் கழுவினார் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. கழுவிவிட்டு, போலீஸ் வரும்வரை அந்தக் குழாயடியிலேயே உட்கார்ந்திருந்தார் என்றும் அதே சாட்சி சொன்னார். அதை எடுத்துப் பேச அந்த இளைஞருக்கு ஆளில்லை.

சட்டம் என்ன கேட்கிறது? செயலைச் செய்த அந்த நேரத்தில், புத்தி சுவாதீனம் இல்லாததால் செய்வது இன்னதென்றோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்றோ அறிய முடியாத நிலையில் இருந்தாரா என்று கேட்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு. எண் மாறியது, அளவுகோல் அப்படியே இருக்கிறது. 1843-இல் லண்டனில் பிரதமரின் செயலாளரை மெக்நாட்டன் என்பவர் சுட்டுக்கொன்ற வழக்குக்குப் பிறகு ஆங்கிலேய நீதிபதிகள் வகுத்த விதியின் வழிவந்தது அது. 1971-இல் சட்ட ஆணையம் இதைப் பரிசீலித்தும் மாற்றம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. நிரூபிக்கும் பொறுப்பும் எதிரியின் தலையில்தான். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, இருந்திருக்கக்கூடும் என்று காட்டினாலே போதும் என 1964-இல் தஹ்யாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அந்த அளவுக்குக் காட்டவும் ஆதாரம் வேண்டுமே! மஞ்சப்பையைத் தவிர அந்த அம்மாவிடம் என்ன இருந்தது?

சம்பவ நேரத்து மனநிலைக்கு மிக அருகில் கிடைக்கக்கூடிய சாட்சியம், கைதான முதல் சில நாட்களில்தான் கிடைக்கும். அதன்பிறகு சிறை மருத்துவமனை மாத்திரை கொடுக்கும், ஆள் தெளிந்துவிடுவார். நீதிபதி முன் நிற்கும்போது பெயரைக் கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்வார். எல்லோரும் 'நன்றாகத்தானே இருக்கிறான்' என்பார்கள்.

ரிமாண்டுக்கு முன் எல்லோரையும் அரசு மருத்துவரிடம் காட்டத்தான் செய்கிறார்கள். குற்ற விசாரணை நடைமுறைக்கான சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவும் அதைச் சொல்கிறது. கேஸ் கட்டுகளில் நான் பார்த்த சான்றுகளில் காயம் உண்டா இல்லையா என்பது மட்டும்தான் இருக்கும். காதில் குரல் கேட்கிறதா, தூங்கி எத்தனை நாளாயிற்று, முன்பு எங்கே சிகிச்சை பெற்றார் என்று யாரும் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை. முன்பு மனநோய் இருந்தது விசாரணையில் தெரியவந்தால், எதிரியை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தி அந்த ஆதாரத்தை நீதிமன்றத்தில் வைப்பது புலனாய்வு அதிகாரியின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் பாபு என்கிற குஜ்ராஜ் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. செய்யத் தவறினால் சந்தேகத்தின் பலன் எதிரிக்கே என்றும் சொன்னது. இது காவல் நிலையம் வரை இறங்கவில்லை.

நடிப்பவர் தப்பிவிடுவாரே என்று அஞ்சுபவர்களுக்கும் இதுவே பதில். முதல் வாரத்திலேயே மனநல மருத்துவர் உள்நோயாளியாக வைத்துக் கவனித்தால் நடிப்பும் வெளுத்துவிடும். தவிர, புத்தி சுவாதீனம் இல்லை என்ற அந்த 22-ஆம் பிரிவில் விடுதலையானவர் நேரே வீட்டுக்குப் போய்விடுவதில்லை. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 374-ஆம் பிரிவின்படி பாதுகாப்பான காவலில் வைக்கவோ, பொறுப்பேற்கும் உறவினரிடம் ஒப்படைக்கவோ நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். அந்தக் காவலுக்கு ஒரு வரம்பும், ஆறு மாதத்துக்கொரு மறுஆய்வும் சட்டத்திலேயே வேண்டும். அசாமில் 1951-இல் கைதாகி மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட ஒருவர், 1967-இல் குணமாகிவிட்டார் என்று சான்று கிடைத்த பிறகும் வெளியே வர 2005 ஆனது.

இன்னொன்று. நம் சட்டத்தில் முழுத் தெளிவு அல்லது முழு மயக்கம், இரண்டே கட்டம்தான். செய்வது என்னவென்று தெரிந்தும், நோயின் பிடியில் தன்னைக் கட்டுப்படுத்த முடியாதவருக்கு இடமே இல்லை. கொலை என்று முடிவானால் குறைந்தபட்சம் ஆயுள். நீதிபதி இரக்கப்பட்டாலும் கை கட்டப்பட்டிருக்கிறது. இங்கிலாந்து 1957-லேயே, மனநலக் குறைபாட்டால் பொறுப்பு குறைந்திருந்தால் கொலைக் குற்றத்தைக் குறைத்துக்கொள்ள வழி செய்துவிட்டது. விதியை அவர்களிடமிருந்து வாங்கிய நாம் இந்தத் திருத்தத்தை மட்டும் ஏன் வாங்கவில்லை?

இதற்கெல்லாம் நாடாளுமன்றம் மனம் வைக்க வேண்டும். ஆனால் முதல் வாரப் பரிசோதனைக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. ஸ்டான்லியிலும் ராஜீவ் காந்தி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. ரிமாண்ட் சான்றில் மனநிலை பற்றி நான்கு கேள்விகள் சேர்க்கவும், குடும்பத்தார் கொண்டுவரும் சிகிச்சைச் சீட்டுகளை அன்றே ரசீது கொடுத்து வாங்கி வழக்கு ஆவணத்தோடு இணைக்கவும் காவல்துறைத் தலைமை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். இலவசச் சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் இத்தகைய வழக்குகளில் ரிமாண்ட் கட்டத்திலேயே வழக்கறிஞரை நியமிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
பெரம்பூர், சென்னை - 11