சி பிளாக் வீடுகளுக்கு என் நன்றி

அன்புள்ள சி பிளாக் குடும்பங்களுக்கு,

காலை நாலரைக்கு இரண்டாம் மாடித் தம்பி தண்ணீர் மோட்டாரைப் போட, ஆபரேஷன் முடிந்த என் அப்பா அந்தச் சத்தத்தில் எழுந்துவிட, அதனால் வந்த சண்டை நேற்று ராத்திரி ஒருவழியாக முடிந்தது. மற்றபடி என்ன நடந்ததென்று திரும்பச் சொல்லப் போவதில்லை, நீங்கள் எல்லோரும் பார்த்ததுதான். மனசில் ஈரம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

கூட்டத்துக்கு ஹாலை ஒழித்துக் கொடுத்த முதல் மாடி வீட்டார், ஞாயிற்றுக்கிழமையிலும் பிளம்பரைக் கூட்டி வந்த செயலாளர், அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்தனுப்பியவர்கள், வாட்ஸ்அப் குழுவில் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றாமல் இருந்தவர்கள், எல்லோருக்கும் நன்றி.

இரண்டாம் மாடிப் பாட்டிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். யாரோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை நின்று போயிருந்ததோ, அந்த வீட்டுப் பாட்டி. அன்று பேச்சு முற்றியதும் நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் வலியோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பேரனுக்காக வாதாடவில்லை. “எல்லாம் சரியாயிடும்” என்று தேற்றவில்லை. நான் கொட்டித் தீர்க்கும் வரை கேட்டுவிட்டு, “உங்கப்பா விடியக்காலைல கொஞ்சம் கண்ணசரணும், அதானே கண்ணு?” என்றார். அதேதான் பாட்டி. அத்தனை நாள் சண்டையில் அதை யாருமே என்னிடம் கேட்டதில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுது முடித்ததும், “இவனும் ஷிஃப்டுக்குக் கிளம்புறதுக்குள்ள குளிச்சாகணும்மா” என்றார்.

வன்முறையற்ற தொடர்பாடல் வகுப்புக்கு என்னைக் கூட்டிப்போன தோழிக்கும் இங்கே நன்றி சொல்லியாக வேண்டும். மார்ஷல் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த முறை அது. சிறுவனாக இருந்தபோது, 1943-ல் டெட்ராய்ட் நகரில் இனக் கலவரம் நடந்தபோது அங்கே இருந்தவர். கண்ணால் கண்டதைச் சொல், மனசில் பட்டதைச் சொல், உனக்கு என்ன தேவை என்று சொல், அப்புறம் செய்யக்கூடிய ஒன்றைக் கேள் என்று நான்கு படிகள். “நீங்க எப்பவும் அடாவடி” என்பது தீர்ப்பு. “காலையில் நாலரை மணிக்கு மோட்டார் ஓடுகிறது” என்பது கண்டது. முதல் இரண்டு படிகள் எனக்குப் பழகிவிட்டன. மூன்றாவது படியில்தான் தடுமாறிக்கொண்டிருந்தேன். மோட்டாரை நிறுத்துவதே என் தேவை என்று பிடித்துக்கொண்டிருந்தால் பேச என்ன இருக்கிறது? அப்பாவுக்குத் தூக்கம், அந்தத் தம்பிக்குத் தண்ணீர் என்று பாட்டி பிரித்து வைத்ததும் இரண்டுக்கும் இடம் இருப்பது தெரிந்தது.

நேற்று கூட்டத்தில் அப்படியே பேசினேன்: “நாலரைக்கு மோட்டார் சத்தத்தில் அப்பா எழுந்துவிடுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆபரேஷன் முடிந்தவருக்குத் தூக்கம் வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கே மேல் தொட்டியை நிரப்பிவிட முடியுமா?” அந்தத் தம்பி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தண்ணீர் காலை வரை நிற்குமா என்று மட்டும் கேட்டார். கசிகிற வால்வை மாற்றினால் நிற்கும் என்றார் பிளம்பர். தம்பி, நீங்கள் கத்தாமல் கேட்ட அந்தக் கேள்விக்கும் நன்றி.

இனி இந்தக் கட்டடத்தில் யார் கோபத்தோடு என் வாசலுக்கு வந்தாலும், முதலில் உட்கார வைத்து முழுசாகக் கேட்பேன். பதில், யோசனை, என் பக்கத்துக் கதை எல்லாம் அதற்கு அப்புறம்தான். பாட்டி, உங்கள் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். இந்த முறை நான் மாடி ஏறி வருகிறேன்.

அன்புடன்,
தரைத்தள வீட்டுப் பெண்