பிராங்க்பர்ட் போகுமுன்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே ஐப்பசி மழை விட்டபாடில்லை. மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் பால்வெட்டு பாதி நாள் நடப்பதில்லை.

ஈத்தாமொழியில் நீ செய்கிற கயிற்று மிதியடி பிப்ரவரியில் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்தில் நடக்கிற அம்பியன்டே என்ற வியாபாரக் கண்காட்சிக்குப் போகப்போகிறது என்றதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால், “ஸ்டாலுக்குப் பணம் கட்டியாச்சு, இனி டிக்கெட் போட வேண்டியதுதான்” என்று எழுதியிருந்தாயே, அதுதான் பயமாக இருக்கிறது. கண்காட்சிக்காரர்கள் தரும் அழைப்புக் கடிதம் நல்ல ஆதாரம்தான்; ஆனால் அது விசாவுக்கு உத்தரவாதம் இல்லை. விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பி வருகிற மாதிரி முன்பதிவு மட்டும் செய்து வை.

உனக்கு வேண்டியது ஷெங்கன் விசா, ஜெர்மனி உள்பட பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவானது. அதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு 15 நாள் இருக்கும்போதுதான் கடைசிக் கெடு. முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சிக்கல் என்றால் 45 நாள் வரை இழுக்கும். நடுவில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வேறு. அதனால் விண்ணப்பம் கொடுக்க இந்த மாதமே நேரம் பதிவு செய். கட்டணம் 90 யூரோ. 2024 ஜூன் வரை 80 ஆக இருந்தது. மறுத்துவிட்டால் அது திரும்பி வராது.

பாஸ்போர்ட்டை எடுத்துப் பார். கொடுத்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, நீ அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு.

இதெல்லாம் எல்லாரும் சேர்த்துவிடுவார்கள். இடறுவது வேறு இடத்தில். எனக்குத் தெரிந்த மரச்சிற்ப வியாபாரி ஒருவர், நேர்மையான மனிதர். அழைப்பில் ஐந்து நாள், ஹோட்டல் பதிவில் ஒன்பது நாள், காப்பீட்டில் மறுபடி ஐந்து நாள். மீதி நாலு நாள் எதற்கு என்று அவருடைய கடிதத்தில் ஒரு வரி இல்லை. விசா மறுத்துவிட்டார்கள். உன் மிதியடி எப்படி உழைக்கும் என்று விசா அதிகாரி பார்க்கப்போவதில்லை. எதற்குப் போகிறான், யார் செலவு, தொழிலும் குடும்பமும் ஊரில் இருப்பதால் திரும்பி வருவானா, இதைத்தான் பார்ப்பார். ஜிஎஸ்டி கணக்கு, வருமான வரிக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட், ஏற்றுமதி பில், எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

அப்புறம், நெதர்லாந்தில் ராட்டர்டாமில் ஒருவரைப் பார்க்கணும் என்றாய். பார்க்கலாம், அதே விசா போதும். ஆனால் பயணத்தின் முக்கிய நோக்கமும் அதிக நாளும் ஜெர்மனியில் இருந்தால்தான் ஜெர்மனியிடம் விண்ணப்பிப்பது சரி. ராட்டர்டாம் சந்திப்பையும் தேதி போட்டு எழுதிவிடு.

மாதிரிச் சரக்குக்கு விசாவோடு சம்பந்தமில்லை. காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவதானால் ஏடிஏ கார்னே வாங்கு; சுங்கவரி கட்டாமல் சரக்கைத் தற்காலிகமாகக் கொண்டுபோய் வருவதற்கான சீட்டு அது. இந்தியாவில் ஃபிக்கி என்ற தொழில் வர்த்தக சபைகளின் கூட்டமைப்பு தருகிறது. ஆனால் அதில் கொண்டுபோனதை அங்கேயே விற்கக் கூடாது.

நம் கிராம்புக்கும் மட்டிப் பழத்துக்கும் உங்கள் ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தபோது எவ்வளவு பேசினோம்! சரக்குக்குப் பெயர் வந்துவிட்டது. அதைச் செய்கிறவன் ஒரு தாள் குறைந்து இங்கேயே நின்றுவிடக் கூடாது. எனக்கு அந்த ஆதங்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாகர்கோவில் வா. பழைய பாஸ்போர்ட் இருந்தால் அதையும் எடுத்துக்கொள். விசாவுக்கான கடிதத்தை இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதிவிடலாம்.

அன்புடன்,
உன் பள்ளித்தோழன்