கயிறு திரித்தல்: தமிழ் வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழாசிரியர்களுக்கு,

வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கயிற்றுக் களத்தில் வேலை செய்கிறேன். காலாண்டுத் தேர்வில் 'கயிறு திரித்தல்' என்பதைச் சொற்றொடரில் அமைக்கச் சொல்லியிருந்தீர்கள். ஏழாவது படிக்கும் என் மகள், "என் அம்மா கயிறு திரித்து என்னைப் படிக்க வைக்கிறார்" என்று எழுதினாள். சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் சைபர். விடைக்குறிப்பில் 'பொய் கூறுதல்' என்று இருக்கிறதாம். தாள் கொடுத்த அன்று ஒரு பையன், "அப்ப உங்கம்மா பொய் சொல்லியா சம்பாதிக்குது?" என்று கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது.

ராத்திரி சோறு போடும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சி, அதாவது தேங்காய் நார், அறுத்து விரல் இடுக்கெல்லாம் வெடித்த கை. "ஏம்மா, கயிறு திரிக்கறது தப்பான வேலையாம்மா?" என்றாள்.

மரபுத்தொடர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாண் நீளம்கூட இல்லாத மஞ்சியை முறுக்கி, மேலும் மேலும் சேர்த்தால் முழம் முழமாக நீளுகிறது. துளி விஷயத்தை அப்படி இழுத்து நீட்டுகிறவனைத்தான் கயிறு திரிக்கிறான் என்கிறோம். இதைச் சொன்னதும் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. ஆனால் 'தண்ணீர் காட்டுதல் – ஏமாற்றுதல்' என்று ஒப்பிக்கிற இதே பிள்ளை, தினமும் சாயங்காலம் கட்டுத்தரையில் மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறாள். இரண்டும் ஒரே சொல் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

நான் கேட்பது இதுதான். எந்தப் பொருளில் எழுத வேண்டும் என்று கேள்வியிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால், நேர்ப்பொருளில் பிழையில்லாமல் எழுதிய பிள்ளைக்கு மார்க் போடுங்கள்.

உவமைக்கென்று தனி இயலே வைத்த தொல்காப்பியம் நம்முடையது. அந்த மொழியை நோட்ஸில் இருக்கும் இரண்டு சொல்லாகச் சுருக்கிப் பிள்ளைகள் தொண்டையில் திணிக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? வயலும் களமும் தறியும் கொடுத்த சொற்கள் இவை. அந்த வீட்டுப் பிள்ளைக்கே சைபரா? சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரையாண்டுத் தாள் தயாரிக்கும்போது தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள்: எந்தப் பொருள் என்று கேள்வியிலேயே இருக்கட்டும். மகளின் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். திருத்திக் கொடுப்பதானால், அந்த வகுப்பில் எல்லோர் முன்னாலும் கொடுங்கள்.

இப்படிக்கு,
கயிறு திரிக்கும் ஒரு தாய்