கூட்டல் குறிக்கு இரண்டு வேலை

மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சியின் கல்யாணம் சரிவந்தது பெரிய சந்தோசம், திகதி முடிவானதும் சொல்லு, இப்போதே லீவுக்குச் சொல்லிவைக்க வேணும். இங்கே வெள்ளவத்தையில் ஒரே மழை, மற்றபடி எல்லாரும் சுகம்.

ஜாவாஸ்கிரிப்ட் என்ற புரோகிராம் மொழியில் "10" - 5 போட்டால் 5 வருகிறது, "10" + 5 போட்டால் மட்டும் ஏன் 105 என்று மகன் கேட்டதாக எழுதியிருந்தாய். பொடியன் சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறான். கழித்தலுக்கு எண்ணை விட்டால் வேறு வேலை தெரியாது, அதனால் இரண்டு பக்கத்தையும் எண்ணாக்கிவிட்டுக் கழிக்கும். கூட்டல் குறியின் தலையிலோ எண்களைக் கூட்டுவது, ஸ்ட்ரிங்குகளை, அதாவது மேற்கோள் குறிக்குள் வரும் எழுத்துத் தொடர்களை, ஒட்டுவது என்று இரண்டையும் கட்டிவிட்டார்கள். ஒரு பக்கம் ஸ்ட்ரிங் என்று கண்டால் மற்றதையும் ஸ்ட்ரிங்காக்கி ஒட்டிவிடும். இடமிருந்து வலமாகப் போவதால் 1 + 2 + "3" என்றால் 33, "1" + 2 + 3 என்றால் 123. அவனையே போட்டுப் பார்க்கச் சொல்லு.

என்னைக் கேட்டால் 1987இல் வந்த பேர்ல் மொழி செய்ததுதான் ஒழுங்கு. அங்கே கூட்ட +, ஒட்டப் புள்ளி. "10" + "5" எப்போதும் 15தான், கையில் இருப்பது என்ன என்று பார்க்காமல் குறியே முடிவெடுக்கும். பைதன் மொழி இன்னும் கறார், ஸ்ட்ரிங்கோடு எண்ணைக் கூட்டச் சொன்னால் டைப்எரர், அதாவது வகைப் பிழை, என்று நின்றுவிடும். அதுவும் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் காசைத் தின்பது ஸ்ட்ரிங்கை எண்ணாக்கும் இடம். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடை பில் புரோகிராமைப் பார்க்கக் கூப்பிட்டார்கள், 1,250 ரூபாச் சேலை மொத்தத்தில் 1 ரூபாவாக விழுந்திருந்தது! ஸ்ட்ரிங்கை எண்ணாக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையான பார்ஸ்இன்ட் முன்னாலிருந்து இலக்கங்களை வாசித்துக்கொண்டே போய், கமாவைக் கண்டதும் நின்று, அதுவரை கிடைத்ததை ஒரு பிழையும் சொல்லாமல் கொடுத்துவிடும். அதே வேலைக்கு இருக்கும் நம்பர் என்ற கட்டளை என்றால் இது எண்ணே இல்லை என்று சொல்லியிருக்கும், ஆனால் அதற்கும் ஒரு கிறுக்கு, ஒரு எழுத்தும் இல்லாத வெறுமையான ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் 0 என்கிறது, விலை போடாத சாமான் சும்மா போய்விடும். கமாவை எடு, வெறுமையா என்று பார், பிறகு நம்பருக்குக் கொடு என்று எழுதிக் கொடுத்தேன்.

அப்புறம், மகனுக்கு இன்னொன்று: -2இன் வர்க்கத்தை அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் எக்செல் 4 என்கிறது, பைதன் -4 என்கிறது, ஜாவாஸ்கிரிப்ட் அடுக்குக் குறியான ** போட்டு எழுதினால் வாசிக்கவே மறுக்கிறது. ஏன் என்று யோசித்து எனக்கு எழுதச் சொல்லு.

அன்புடன்,
உன் கொழும்பு மச்சான்