பெரிய பிளானுக்கு மாறச் சொல்வதற்கு முன்னால், ராத்திரி ஒன்பது மணிக்கு லைனைப் பாருங்கள்

எங்கள் பகுதிக்கு ஃபைபர் இணைப்புத் தரும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது ஒரு படகர் ஊரிலிருந்து, எழுதுகிறேன். ராத்திரி எட்டு மணி ஆகிவிட்டால் எங்கள் வரிசையில் எந்த வீட்டிலும் வீடியோ ஒழுங்காக ஓடுவதில்லை. முதலில் படம் மங்கும், முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும், அப்புறம் அப்படியே நின்று வட்டம் சுற்றும். புகார் கொடுத்தால் ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்கிறீர்கள், இல்லையென்றால் மழை என்கிறீர்கள், அதுவும் இல்லையென்றால் பெரிய பிளானுக்கு மாறச் சொல்கிறீர்கள். லைன் பார்க்க வருகிற தம்பிகள் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கொட்டுகிற மழையில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மேடு ஏறி வருகிறவர்கள் அவர்கள். முடிவெடுக்கிற இடத்தில் இருக்கிற உங்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் பிளான் விஷயம். ஃபுல் எச்டி படம் ஓட வினாடிக்கு 5 மெகாபிட் இருந்தால் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது, 4கே படத்துக்கு 15. எங்கள் வீட்டில் இருப்பது வினாடிக்கு 100 மெகாபிட் பிளான். ஹாலில் அம்மா சீரியல் பார்த்து, உள்ளே மகள் குரூப் 4 தேர்வுக்கான வகுப்பு வீடியோ பார்த்து, நான் போனில் ஏதாவது ஓட்டினாலும் மொத்தம் 15 மெகாபிட்தான் ஆகிறது. 100-ல் 15 வராத வீட்டுக்கு 200 பிளான் போட்டு என்ன பயன்? பச்சைத் தேயிலை எடை போடும்போது ஈரத்துக்குக் கழித்தால், எவ்வளவு கழித்தீர்கள் என்று சீட்டைக் காட்டிக் கேட்க முடிகிறது. நீங்கள் எவ்வளவு கழிக்கிறீர்கள் என்று கேட்க எங்கள் கையில் ஒரு சீட்டும் இல்லை.

ஃபைபர் ஒரு கிளையிலிருந்து பல வீடுகளுக்குப் பிரிந்து வருகிறது என்பது எங்களுக்கும் தெரியும். ஜிபான் என்கிற இந்தப் பிரிப்பு முறையில் ஒரு கிளைக்கு வினாடிக்கு 2.5 கிகாபிட் அளவுக்கு வரும், அதை 32 வீடோ 64 வீடோ பங்கு போட்டுக்கொள்ளும். சரி, 64 வீட்டிலும் ஒரே நேரத்தில் ஃபுல் எச்டி ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம், 320 மெகாபிட். கிளை தாராளமாகத் தாங்கும். அப்படியானால் நெரிசல் அதற்கும் மேலே, மலையிலிருந்து கீழே இறங்கும் உங்கள் பெரிய பாதையில்தான் இருக்க வேண்டும். நெரிசல் நேரத்தில் ஒரு பாதையின் பயன்பாடு 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-லேயே விதிமுறை போட்டிருக்கிறது. எங்கள் பாதை ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை எத்தனை சதவீதத்தில் ஓடுகிறது? அந்த ஓர் எண்ணைச் சொல்லுங்கள்.

கோளாறு எங்கள் வீட்டில்தான் என்று நீங்கள் சொல்லக்கூடும் என்பதால், வீட்டுக்குள் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டோம். எங்கள் வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக இருப்பவை, எல்லா ரவுட்டரின் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றின் மேல் ஒன்று மோதும். அதனால் பக்கத்து வீட்டாரோடு பேசி 1, 6, 11 என்று சேனலைப் பிரித்துக்கொண்டோம். டிவிக்கு 5 கிகாஹெர்ட்ஸ், ஆனால் அது கல் சுவரைச் சரியாகத் தாண்டாது என்பதால் ரவுட்டரை டிவி இருக்கிற அறைக்கே கொண்டுவந்தோம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு வேறொரு தொல்லை இருந்தது. கரண்ட் போய் வந்தால் அவர் டிவியில் வீடியோ நிற்பதில்லை, தொடங்கவே செய்யாமல் ஏதோ பிழை எண் காட்டும். பார்த்தால் டிவியின் தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தது. தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழை டிவி ஏற்காது, ஆப் திறக்கும் ஆனால் படம் வராது. தேதியைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி வைத்ததும் சரியாகிவிட்டது. இன்னொரு வீட்டில் டிவியின் சேமிப்பு நிறைந்திருந்தது, தேவையில்லாத ஆப்களை எடுத்து, கேஷ் என்கிற தற்காலிகச் சேமிப்பை அழித்து, அப்டேட் போட்டோம். இதெல்லாம் உங்கள் குறை இல்லை, உங்களிடம் கொண்டு வரவும் இல்லை.

வைஃபையே வேண்டாம் என்று லேப்டாப்பில் லேன் கேபிளை நேராகச் செருகியும் பார்த்தேன். ரவுட்டருக்குப் பிங் போட்டால், அதாவது ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்பும் நேரத்தை அளந்தால், பகலோ ராத்திரியோ ஒன்றிரண்டு மில்லிவினாடிதான். அதைத் தாண்டி வெளியே இருக்கிற கூகுளின் 8.8.8.8 சர்வருக்குப் போட்டால் காலையில் முப்பதுக்குள் இருப்பது ராத்திரி ஒன்பதுக்கு இருநூறைத் தாண்டுகிறது, நடுநடுவே பதிலே வராமலும் போகிறது. அதே வீடு, அதே கேபிள், அதே லேப்டாப். மாறுவது நேரம் மட்டும்தான். இதற்கு ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் என்ன ஆகும்? உங்கள் ஆள் வந்து ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டும்போது 90 வருகிறது என்பதும் உண்மைதான். ஆனால் அந்தச் சோதனை பெரும்பாலும் பக்கத்தில் இருக்கிற, சில சமயம் உங்கள் வலைக்குள்ளேயே இருக்கிற சர்வரைத்தான் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. அதுவும் அவர் வருவது பகல் பதினொரு மணிக்கு.

அடுத்தது மழை. ஃபைபர் கண்ணாடி இழை, உள்ளே ஓடுவது வெளிச்சம், மழையில் நனைவதால் மட்டும் அது கெட்டுப்போகாது. மழையோடு வருகிற காற்றும், சாயும் கற்பூர மரமும், சரியும் மண்ணும், சரியாக மூடாத ஜாயிண்ட்டும்தான் அதைக் கெடுக்கின்றன. எங்கள் ஊர் வளைவில் ஒரு சில்வர் ஓக் மரத்தில் உங்கள் ஜாயிண்ட் பாக்ஸ் தொங்குகிறது. மூடியின் ஒரு பக்கக் கிளிப் உடைந்து, அதன்மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. பைக்குள் தண்ணீர் தேங்கி நிற்பது ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும். அதிலிருந்து வருகிற கேபிள் ஒரு கிளையில் இறுக்கமாக மடங்கி, காற்றடிக்கும்போதெல்லாம் மரத்தில் அடித்துக்கொள்கிறது. அப்படி மடங்கினால் வெளிச்சம் கசியும். ரவுட்டர் பக்கத்தில் ஒளியின் வலிமை, டிபிஎம் என்ற அளவில், மைனஸ் 20 பக்கம் இருந்தால் நிம்மதி, மைனஸ் 27-ஐத் தாண்டினால் இணைப்பு தத்தளிக்கும். எங்கள் வரிசையின் கடைசி இரண்டு வீடுகளில் காற்று அடிக்கும் நாளில் ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னி மின்னி அணைகிறது. இது ஒரு நல்ல பெட்டியும் புது ஸ்பிளைஸும் (இழைகளை ஒட்டும் இணைப்பு) போட்டால் தீருகிற வேலை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. 2009 நவம்பரில் இந்த மலை எப்படிச் சரிந்தது என்று இங்கே யாரும் மறக்கவில்லை. அப்படி ஒரு மழையில் இந்த லைன் வழியாகத்தான் வெளியே செய்தி போக வேண்டும், அதனால் இதை வெறும் சீரியல் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். அக்டோபருக்கு முன்னால் இந்தப் பெட்டியை மாற்றுங்கள்.

கரண்ட் போனால் எங்கள் ரவுட்டர் யூபிஎஸ்ஸில் ஓடுகிறது, ஆனால் எங்களுக்கு லைன் தருகிற உங்கள் கருவி அணைந்துவிடுகிறது. அதற்கு ஒரு நல்ல பேட்டரி வையுங்கள்.

புகாரை எங்களைக் கேட்காமலே 'சரி செய்யப்பட்டது' என்று மூடுவதையும் நிறுத்துங்கள். பகலில் மூடுகிறீர்கள், அன்றைக்கு ராத்திரியே வட்டம் சுற்றுகிறது, மறுபடி புது எண், மறுபடி முதலிலிருந்து விளக்கம். டிராயின் 2012 விதிமுறை புகார் எண், அதற்கு மேல் மேல்முறையீடு என்று வழி வைத்திருக்கிறது. தேவைப்பட்டால் அந்த வழியில் போவோம், ஆனால் நீங்களே இங்கே சரி செய்வதைத்தான் விரும்புகிறோம். தேயிலைத் தோட்டத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு உட்கார்ந்து பார்க்கக் கிடைப்பது அந்த இரண்டு மணி நேரம்தான், பிள்ளைகள் படிக்கிற நேரமும் அதுவேதான்.

காலை, மாலை, இரவு எடுத்த பிங் அளவுகளும், ஜாயிண்ட் பாக்ஸின் படங்களும், சிவப்பு விளக்கு மின்னும் வீடியோவும் எங்களிடம் இருக்கின்றன. உங்கள் பொறியாளர் ஒருவரை ராத்திரி எட்டரைக்கு மேல் அனுப்புங்கள். பஸ் கிடைக்காது என்றால் கோத்தகிரி வரைக்கும் வண்டி எடுத்துக்கொண்டு வந்து நாங்களே கூட்டிப் போகிறோம்.

இப்படிக்கு,
மாதம் தவறாமல் பில் கட்டும் வரிசை வீட்டுக்காரர்களில் ஒருவர்